முனையில் நின்றவன்

அத்தியாயம் பதினான்கு

என் தம்பி மெர்வின் ஒரு பச்சை நிறப் பைக்கில் வந்து எங்கள் வாயிலில் இறங்கியதையும், நான் ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டதையும் சென்ற வாரம் சொன்னேன். கதவைச் சாத்தியது சரியா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குச் சரி என்றுதான் நினைத்தேன். மீதியை இப்போது சொல்கிறேன்.

சிட்னிக்கு வடக்கே மலை மேல் இருக்கும் எங்கள் வால்கா ஊரில் பென்னிகாட் என்ற பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. இந்த ஊர் மோட்டார் சைக்கிள் சங்கத்தை ஆரம்பித்தவர் எங்கள் அப்பா. இங்கே குளிர்காலம் ஆகஸ்டோடு முடியும்; செப்டம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, குளிர் முடிந்தது என்று எல்லாரும் சேர்ந்து மலைச்சாலையில் கிளம்புவோம். முன்னால் ஆரஞ்சுச் சட்டை போட்டுக்கொண்டு போவது ஒரு பென்னிகாட்தான். அப்பாவுக்குப் பிறகு மெர்வின். நான் கடைசியில், பிக்கப் வண்டியில் டிரெய்லரை மாட்டிக்கொண்டு, வழியில் படுத்துவிட்ட பைக்குகளை ஏற்றி வருவேன். முதலிலும் நாங்கள், முடிவிலும் நாங்கள். அதை ஒரு நாளும் யாரும் கேள்வி கேட்டதில்லை.

அப்படிப்பட்ட மெர்வின், அறுபத்தொன்பது வயதில், ஊரே திரும்பிப் பார்க்கும் தன் பெரிய வண்டியை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றுவிட்டான். அதற்குப் பதிலாக வாங்கி வந்ததைப் பார்த்தால் அந்தக் காலத்துத் தபால்காரர் வண்டி போல இருந்தது. வட்டமான ஒரு ஹெட்லைட். தட்டையான சீட். காற்றைத் தடுக்க முன்னால் ஒரு கண்ணாடிகூட இல்லை. எஞ்சின் மூடாக்கு இல்லாமல் அப்படியே வெளியே தெரிந்தது. கடைக்காரர்கள் இதை ‘ஸ்டாண்டர்ட்’ என்கிறார்களாம். புத்தம் புதிய வண்டியைப் பழசு போலச் செய்து விற்கிறார்கள், அதை வயதானவர்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் வீட்டிலும் நடக்கும் என்று நினைக்கவில்லை.

ஞாயிறு காலை. ஹோட்டல் வாசலில் அறுபது பைக்குகள் நின்றன. புல்லின் மேல் உறைபனி இன்னும் வெள்ளையாகவே இருந்தது. எல்லார் வாயிலிருந்தும் புகை.

மெர்வின் வந்து நின்றதும் கிளைவ் வெதரால் முதல் ஆளாக ஆரம்பித்தார். கால்நடை ஏலம் நடத்துகிறவர், எழுபத்தொரு வயது, குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாது.

“என்ன மெர்வ், உன் வண்டி எங்க? இது யாரோட தையல் மெஷின்?”

“என்னோடதுதான். கிழிஞ்ச சட்டை இருந்தா கொண்டு வா, தச்சுத் தரேன்.”

“மிதி எங்கப்பா இருக்கு? காலால மிதிக்கணுமா, கையால சுத்தணுமா?”

“உன்னோடது மாதிரி டெலிவிஷன் வச்சு வரலைப்பா. அதான் உனக்கு வண்டின்னு தெரியல.”

எல்லாரும் சிரித்தார்கள். மெர்வினும் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிளைவின் வண்டி அந்த மாதம்தான் வந்தது. ஒரு சின்னக் காரின் அளவு இருந்தது. பக்கத்தில் மெர்வினின் பச்சை வண்டி நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பே கூசியது.

மெர்வின் என் பிக்கப் ஜன்னல் பக்கம் வந்தான்.

“அக்கா, ஆரஞ்சுச் சட்டை உங்ககிட்டதானே இருக்கு? குடுங்க.”

“இந்த வண்டியிலயா முன்னாடி போகப் போற?”

“ஏன், இதுவும் ஓடும்க்கா.”

“ஓடுறது பத்தி நான் கேட்கல. அப்பா போன இடம் அது. அதுல நீ இப்படிப் போறதைப் பார்த்து ஊர் சிரிக்கணுமா? இப்பவே சிரிச்சாச்சு.”

“கிளைவ் எதைப் பார்த்தாலும் சிரிப்பான்க்கா. போன வருஷம் எங்க நாயைப் பார்த்துச் சிரிச்சான்.”

“இந்த வருஷம் கிளைவோட மகன் முன்னாடி போகட்டும். நீ நடுவுல கலந்து போ. கண்ணுல படாம போ.”

அவன் கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக நுழைத்தான். மெர்வினுக்கு விரல் மூட்டுகள் தடித்துவிட்டன. அதற்கே நேரம் ஆனது. நான் எஞ்சினைக் கிளப்பிச் சூடு பண்ணுவது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரிக்கா,” என்றான்.

வாதாடியிருக்கலாம். என்னைத் திட்டியிருக்கலாம். அவன் சரி என்றதும் நான் ஜெயித்துவிட்டதாக நினைத்து, ஆரஞ்சுச் சட்டையைக் கிளைவின் மகனிடம் கொடுத்து அனுப்பினேன்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. அறுபது பைக் மலையில் போனால் பின்னால் வருகிறவனுக்கு முன்னால் போனவன் தெரியமாட்டான். அதனால் சாலை பிரியும் ஒவ்வொரு முனையிலும், முதல் ஆளுக்கு அடுத்து வருகிறவர் வண்டியை ஓரம் கட்டி நின்று, வருகிறவர்களுக்குக் கை நீட்டி வழி காட்ட வேண்டும். மஞ்சள் சட்டை போட்ட கடைசி ஆள் வந்த பிறகுதான் அவர் நகரலாம். மழையோ வெயிலோ, அவசரமோ, கடைசி ஆள் வராமல் முனையை விடக்கூடாது. அப்பா வைத்த சட்டம் அது. சின்ன வயதில் மெர்வினுக்கு இதைத் தலையில் குட்டிக் குட்டிச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அன்றைக்கு மஞ்சள் சட்டை கிளைவிடம் இருந்தது. அவருக்குப் பின்னால் நான்.

ஊரைத் தாண்டி மேய்ச்சல் நிலங்கள் முடிந்து காடு ஆரம்பிக்கும் ஏற்றத்தில் கிளைவின் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. போய்ப் பார்த்தேன். முன்னால் இருந்த பெரிய திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை மின்னிக்கொண்டிருந்தது.

“என்ன சொல்லுது?” என்று கேட்டேன்.

“கடைக்காரரைப் பார்க்கச் சொல்லுது.”

“கடைக்காரர் எங்க இருக்கார்?”

“சிட்னியில.”

“அப்போ அவரைப் பார்க்கக் கொஞ்சம் நேரம் ஆகும்.”

“கிண்டல் பண்ணாதீங்க மிஸ் பென்னிகாட். இதுல முப்பது பட்டன் இருக்கு. கிளம்புற பட்டன் ஒண்ணுதான் வேலை செய்யல.”

பலகை போட்டு, கயிறு கட்டி, இரண்டு பேரும் மூச்சு வாங்க அந்த யானையை டிரெய்லரில் ஏற்றினோம். கிளைவ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாலை ஓரத்தில் கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். அதை நான் பார்த்தேன். அதைப் பற்றி யோசிக்கவில்லை. என் மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எங்களைப் பார்த்துச் சிரித்த வெதராலின் வண்டி, என் டிரெய்லரில், கயிற்றால் கட்டி! ஊர் நடுத்தெரு வழியாக இதை ஒருமுறை ஓட்டிப் போக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

வண்டியைத் திருப்பினேன்.

“முன்னாடி முனையில ஆள் நிக்குமே?” என்றார் கிளைவ். “மஞ்சள் சட்டை என்கிட்ட இருக்கு. நான் வரலைன்னா அவன் எப்படிக் கிளம்புவான்? போய்ச் சொல்லிட்டு வந்துடலாமா?”

“யாராவது ஒரு வாலிபன் நிப்பான். கொஞ்ச நேரம் பார்ப்பான், யாரும் வரலைன்னா போயிடுவான். இந்தக் காலத்துல யாரு கடைசி ஆளுக்குக் காத்துக்கிட்டு நிக்கிறாங்க?”

“அதுவும் சரிதான்.”

அந்தக் காட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. முனைக்குப் போய்ச் சொல்ல வேண்டுமென்றால் இன்னும் இருபது நிமிடம் மலையேறிப் போயிருக்க வேண்டும். நான் போகவில்லை.

நடுத்தெருவில் நடக்கும் வேகத்தில் ஓட்டினேன். தேவாலயத்திலிருந்து வெளியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ரொட்டிக்கடைக்காரி கதவைத் திறந்துகொண்டு வந்து, “ஐயோ கிளைவ், புதுசா!” என்றாள். கிளைவ் தொப்பியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு அதே கடையில் ஆளுக்கு ஒரு சூடான இறைச்சி அடைத்த ரொட்டி, தேநீர். எனக்கு நல்ல பசி. நன்றாகச் சாப்பிட்டேன் என்பதை மறைக்கப் போவதில்லை. ஜன்னல் கண்ணாடியில் டக் டக் என்று ஏதோ மோதியது. ஆலங்கட்டி கலந்த பனிமழை. குளிர் முடியவில்லை.

“மலை மேல இன்னும் மோசமா இருக்கும்,” என்றார் கிளைவ்.

“பழக்கப்பட்டவங்கதானே,” என்றேன்.

மதிய உணவை மலையின் அந்தப் பக்கத்தில் ஒரு தேவாலயக் கூடத்தில் முடித்துக்கொண்டு, வேறு சாலை வழியாகச் சுற்றி ஊர் திரும்புவது எங்கள் வழக்கம். மாலைக்குக் கொஞ்சம் முன்பு நனைந்த கோழிகள் மாதிரி ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். மெர்வினின் மகள் டெஸ்ஸா, பக்கத்து நகரமான ஆர்மிடேலில் ஆசிரியையாக இருப்பவள், பெரிய பிளாஸ்க்கில் சூப்போடு ஹோட்டல் வாசலில் காத்திருந்தாள். தன் அம்மா இறந்த பிறகு ஒவ்வொரு வருடமும் அவள் இப்படி வருவாள்.

கடைசிப் பைக்கும் வந்துவிட்டது.

“அத்தை, அப்பா எங்க?”

“நடுவுல எங்கேயாவது இருப்பான். பாரு.”

“பார்த்துட்டேன். இல்ல.”

கிளைவின் மகன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: “மெர்வ் மாமா சாப்பாட்டுக்கே வரலையே. காலையில நடந்ததுல மனசு கஷ்டப்பட்டு வீட்டுக்குத் திரும்பிட்டார்னு நெனச்சோம். மத்த முனையில நின்னவங்க கொஞ்ச நேரம் பார்த்துட்டு வந்துட்டாங்க.”

“நீ அவரைக் கடைசியா எங்க பார்த்த?” என்று கேட்டாள் டெஸ்ஸா.

“முதல் முனையில. காட்டு ரோடு பிரியுற இடத்துல. நான்தான் அவரை எனக்கு அடுத்து வரச் சொன்னேன். அவர் முன்னாடி போக வேண்டிய ஆள், நான் போறேன், அவரை எப்படி நடுவுல விடுறது? அதனால முதல் முனை அவருக்கு வந்துச்சு.” அவன் என்னையும் தன் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். “நீங்க அந்த வழியா வந்திருப்பீங்கல்ல? அவரை அனுப்பி விட்டிருப்பீங்கல்ல?”

கிளைவ் முதுகில் மஞ்சள் சட்டை இன்னும் இருந்தது.

மெர்வின் வீட்டுக்குப் போன் அடித்தோம். யாரும் எடுக்கவில்லை. அவன் கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம், வேறு எங்காவது போயிருக்கலாம் என்று டெஸ்ஸா சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியும். மற்ற எவனும் கொஞ்ச நேரத்தில் போயிருப்பான். அவன் போகமாட்டான்.

நானும் டெஸ்ஸாவும் பிக்கப்பில் கிளம்பினோம். கிளைவின் வண்டியை இறக்கிவிட்ட வெறும் டிரெய்லர் பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. பனிமழை கண்ணாடியில் விழுந்து வழிந்தது. ஊர் தாண்டியதும் அவள் கேட்டாள்.

“அப்பா பெரிய வண்டியை ஏன் வித்தார்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா அத்தை?”

“சொல்லணும்னு அவனுக்குத் தோணலையே.”

“டாம்வொர்த்ல பெட்ரோல் போட நின்னிருக்கார். தரையில டீசல் சிந்திக் கிடந்திருக்கு. கால் வழுக்கிடுச்சு. வண்டி நின்ன இடத்துலயே மெதுவா சாஞ்சு படுத்துடுச்சு. அடி ஒண்ணும் இல்ல. ஆனா அவரால அதைத் தூக்க முடியல. ரெண்டு தடவை முயற்சி பண்ணிருக்கார். ஊர் சுத்திப் பார்க்க வந்த ரெண்டு பொண்ணுங்க, காலேஜ் வயசு இருக்குமாம், வந்து தூக்கி நிறுத்திக் குடுத்துட்டு, தாத்தா தண்ணி குடிங்கன்னு பாட்டில் குடுத்துட்டுப் போயிருக்காங்க.”

“என்கிட்ட சொல்லலையே.”

“சொல்லாதேன்னு சொன்னார்.”

“ஏன்?”

“நீங்க நீங்கதானே அத்தை.”

நான் கியரை மாற்றினேன்.

காட்டுச் சாலை பிரியும் இடத்தில் ஒரு யூக்கலிப்டஸ் மரமும் ஒரு குப்பைத் தொட்டியும்தான். ஒதுங்க ஒரு கூரை கிடையாது. என் வண்டியின் விளக்கு வளைவில் திரும்பியதும் அவன் தெரிந்தான். பச்சை வண்டிக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். தோளிலும் ஹெல்மெட்டிலும் பனி ஒட்டியிருந்தது. விளக்கைப் பார்த்ததும், யார் வருவது என்று தெரியாமலே, வலது கையைத் தூக்கி இடது பக்கச் சாலையைக் காட்டினான். கை முழுதாக நீளவில்லை. பாதியில் நடுங்கிக்கொண்டு நின்றது.

வண்டி நிற்பதற்கு முன்பே டெஸ்ஸா குதித்து ஓடினாள். நான் இறங்கிப் போகும் வரை அவன் கையை இறக்கவில்லை.

“கடைசி ஆள் எங்கக்கா?” உதடு நீலமாக இருந்தது, சொற்கள் குழறி வந்தன. “மஞ்சள் சட்டை இன்னும் வரல. யாருக்காவது அடி பட்டுடுச்சா?”

“யாருக்கும் ஒண்ணும் இல்ல.”

“மரம் ஏத்துற லாரிக்காரன் நிறுத்தி, ஏறுங்க கூட்டிட்டுப் போறேன்னான். எப்படிப் போறது? பின்னாடி யாராவது வழி தெரியாம வந்தா?”

“நான்தான்டா கடைசி. வந்துட்டேன். போலாம்.”

“அப்போ சரி,” என்று அவன் வண்டியில் ஏறப் போனான். சாவியைத் திருப்பினான். எஞ்சின் ஒரே அழுத்தில் உயிர் பெற்றது. அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கிளட்ச்சின் மேல் வைத்த அவன் விரல்கள் மடங்கவில்லை. இரண்டாவது தடவையும் மடங்கவில்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பது போல அவன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எஞ்சினை அணைத்தான்.

“ஏத்திடுங்கக்கா,” என்றான்.

சங்கம் ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு பென்னிகாட்டின் வண்டி அந்த டிரெய்லரில் ஏறியதில்லை. அது எத்தனை பெருமையான விஷயமாக எனக்கு இருந்தது என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பச்சை வண்டி இலேசானது. நானும் டெஸ்ஸாவும் தள்ளியே ஏற்றிவிட்டோம்.

பிக்கப்பில் அவனை நடுவில் உட்கார வைத்தோம். டெஸ்ஸா தன் கோட்டைப் போர்த்தி, பிளாஸ்க் மூடியில் சூப்பை ஊற்றி அவன் வாயருகே பிடித்தாள். பாதி சட்டையில் சிந்தியது. கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பித்தான். என்னைப் பார்க்கவில்லை, முன்னால் சாலையைப் பார்த்தபடியே பேசினான்.

“பெரிய வண்டியில உக்காந்தா உடம்பு முழுக்க முன்னாடி சாயுது. ஒரு மணி நேரத்துல மணிக்கட்டு மரத்துடும். கழுத்தை நிமிர்த்தி ரோட்டைப் பார்க்கவே தனியா பலம் வேணும். அது வேகத்துக்குன்னு செஞ்ச வண்டிக்கா. வேகமாப் போனாதான் முழிச்சுக்கும், மெதுவாப் போனா கோவிச்சுக்கும். இது அப்படி இல்ல. நாற்காலியில உக்காந்த மாதிரி நேரா உக்காரலாம். எழுபதுல போனாலே போற மாதிரி இருக்கு.”

“பேசாதப்பா, குடி,” என்றாள் டெஸ்ஸா.

“இந்த ரோட்டுல எத்தனை வருஷமா போறேன். டியா பாலத்துக்குக் கீழ வாத்து குடும்பம் இருக்குன்னு இந்த மாசம்தான் பார்த்தேன். அத்தனை வருஷமும் என்னத்தைப் பார்த்தேன்னு தெரியல. மீட்டரைப் பார்த்திருப்பேன்.”

அவன் பற்கள் அடித்துக்கொண்டன. இருந்தும் பேசினான்.

“சின்ன வயசுக்குத் திரும்ப ஆசைப்பட்டு இந்த மாதிரி வண்டி வாங்குறோம்னு சொல்லிச் சிரிக்கிறாங்க. எனக்கு இருபத்திரெண்டு வயசு வேணாம்க்கா. அந்த வயசுல நான் ஒரு முட்டாள். இன்னும் கொஞ்ச வருஷம் ஓட்டணும், அவ்வளவுதான். பெரிசை வச்சிருந்தா இந்த வருஷத்தோட நிறுத்தியிருக்கணும். நிறுத்தக் கூடாதுன்னுதான் சின்னதுக்கு இறங்கி வந்தேன்.”

அந்த நிமிடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். வாசகர்கள் இப்போது என்ன நினைக்கிறார்களோ அதே வார்த்தைதான். எழுபத்தெட்டு வருடங்களாக அப்படிப்பட்ட வார்த்தைகளைச் சொல்லிப் பழக்கமில்லாத வாய் என்னுடையது.

“ஆனா நீங்க சொன்னதும் சரிதான்,” என்றான் மெர்வின். “முன்னாடி போறதுக்கு இது சரி வராது. எல்லார் எதிர்லயும் உங்களுக்குத் தலைகுனிவு. வித்துடுறேன்க்கா. ஓட்டினது போதும்.”

“அதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். முதல்ல சூப்பைக் குடி,” என்றேன்.

அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

ஊர் மருத்துவமனையில் சூடான போர்வைகளால் சுற்றி, இரவு அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை, விரல்களைக் காலையில் பார்த்துச் சொல்கிறோம் என்றார் செவிலி. அவரிடம் நான் பேசிக்கொண்டிருந்தபோது கிளைவ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். நான் கேட்க வேண்டியதை அவர் முந்திக்கொண்டு கேட்கிறாரே என்று ஒரு எரிச்சல்கூட வந்தது. அவர் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நான் உள்ளே போனபோது மெர்வின் தூங்கிவிட்டிருந்தான்.

என் வீட்டுக்கு வந்து, நானும் டெஸ்ஸாவும் பச்சை வண்டியைக் கொட்டகைக்குள் இறக்கினோம். நன்றாக இருட்டிவிட்டிருந்தது, கொட்டகை விளக்கைப் போட்டேன். அவள் அடுப்பு மூட்ட உள்ளே போனாள். நான் ஒரு துணியை எடுத்து வண்டியில் இருந்த சேற்றையும் ஈரத்தையும் துடைத்தேன். துடைத்து முடித்தும் உள்ளே போக மனம் வரவில்லை.

ஏன் ஏறினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பாவாடையைத் தூக்கிக்கொண்டு, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு, அந்தத் தட்டையான சீட்டில் உட்கார்ந்தேன். பென்னிகாட் வீட்டுப் பெண்கள் பைக் ஓட்டியதில்லை, அப்பா விடவில்லை. பெரிய வண்டிகளின் பின்னால் உட்கார்ந்து போன நாட்களில் என் கால் தரையைத் தொட்டதே இல்லை. இப்போது இரண்டு பாதமும், குதிகால் வரை, தரையில் இருந்தது. முதுகு நேராக இருந்தது. ஹேண்டில்பார் தானாக என் கைக்கு வந்தது. கீழே விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லாமல் ஒரு வயதானவன் உட்கார்ந்திருக்கக்கூடிய இடம். இதைத்தான் ஊர் எதிரில் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

வெளியே ஒரு வண்டி வந்து நின்றது. டிரெய்லர் சங்கிலி ஆடும் சத்தம். கிளைவ் கொட்டகை வாசலில் வந்து நின்றார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்து ஒரு நொடி வாயைத் திறந்து மூடினார்.

“மிஸ் பென்னிகாட்... நீங்க தூங்கியிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

“என் கொட்டகைக்கு எதுக்கு டிரெய்லரோட வந்திருக்கீங்க?”

“மெர்வ் இதை விக்கப் போறேன்னார். யாருக்கோ போறதுக்கு எனக்கே குடுன்னு கேட்டேன்.” தொப்பியைச் சுற்றிச் சுற்றிக் கையில் உருட்டினார். “வெளிய சொல்லிடாதீங்க. காலையில தையல் மெஷின்னு சொன்ன வாய்தான் இது. என்னோடதை ஷெட்ல இருந்து பின்னாடி தள்ளவே என் மகனைக் கூப்பிட வேண்டியிருக்கு. ஒவ்வொரு தடவையும். அவன் ஒண்ணும் சொல்லமாட்டான். ஆனா அவன் வர்ற வரைக்கும் நான் ஹெல்மெட் போட்டுக்கிட்டு நிக்கணும் பாருங்க, அது... இன்னைக்கு நீங்களே பார்த்தீங்களே, என் இடுப்பை.”

“அப்போ கடையில போய்ப் புதுசா வாங்கிக்கோங்க.”

“வாங்கலாம். நான் அந்தக் கடைக்குள்ள போறதை ஊர்ல எவனாவது பார்த்தா?”

“இது விக்கிறதுக்கு இல்ல.”

கிளைவ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகத்தில் கேலி இல்லை.

“மெர்வ் கை குடுத்துட்டார். பென்னிகாட் கை குடுத்தா குடுத்ததுதான்னு ஏல மைதானத்துல எங்க அப்பாகிட்ட நீங்கதான் சொன்னீங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.”

சொன்னேன். இன்றைக்கு யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். எங்கள் வீட்டில் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கியவர் யாரும் இல்லை. இதில் மட்டும் வாங்கலாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அந்தக் கையை அவன் நீட்டியது என் கௌரவத்துக்காக என்று எனக்குத் தெரியும்.

“கொஞ்சம் இறங்குனீங்கன்னா...” என்றார் கிளைவ், ஏற்றுப் பலகையைக் காட்டி.

ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

“கை குடுத்தவன் காலையில வீட்டுக்கு வருவான். அவன் வந்து என் முகத்தைப் பார்த்து, இறங்குங்கக்கான்னு சொல்லட்டும். இறங்குறேன்.”

கிளைவ் என்னையும் வண்டியையும் பார்த்தார். பிறகு போய்த் தன் டிரெய்லரின் விளிம்பில், இடுப்பைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். போவதாகத் தெரியவில்லை.